கணக்கேடும் களரியும்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், திருப்பத்தூரைத் தாண்டி மொரப்பூரை அடைவதற்கு முன்னால், ஊத்தங்கரை வட்டாரத்துப் புன்செய்களுக்கு நடுவே சாமல்பட்டி என்னும் சிறிய நிலையம் வருகிறது. நிலவியல் கற்றோருக்கு இவ்வூரின் பெயர் கார்பனடைட் என்னும் அபூர்வமான தீப்பாறையால் பரிச்சயமானது. மற்றையோருக்கு, ஓசூர்த் தொழிற்பேட்டைக்கும் பெங்களூருக்கும் ஜீவனம் தேடிப் போகும் இளைஞர்களின் ஊர்களுள் இதுவும் ஒன்று. ஆனால் மாசி பிறந்து களத்து வேலைகள் ஓய்ந்த பிறகு, இந்த வட்டாரத்தில் எத்திசையில் போனாலும், ஏதேனும் ஓர் ஊரில் திரௌபதியம்மன் கோயில் முன்பாகப் பாரதம் வைத்திருப்பதைக் காணலாம். பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடிய விடியக் கூத்து. நடுவே ஒரு நாள் அர்ஜுனன் தபசுமரம் ஏறுவான். கடைசி நாளில் களிமண்ணால் கிடத்திய துரியோதனனின் படுகளம். அன்று மாலை தீமிதி.

இவ்விழாவில் யார் ஆடினார், யார் பாடினார் என்று கேட்பது நம் வழக்கம். யார் நடத்தினார் என்று கேட்பவர் குறைவு. பதினெட்டு நாள் பாரதம் தானாக நடந்துவிடுவதில்லை. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி விதித்து வீடு வீடாக வசூலிக்க ஒருவர் வேண்டும். கூத்து வாத்தியாரைக் கண்டு, வெற்றிலை பாக்கு வைத்து, அச்சாரம் கொடுத்து, எந்த இரவுக்கு எந்தக் கதை என்று பேசி முடிக்க ஒருவர் வேண்டும். பந்தல்காரன், மின்விளக்குக்காரன், பிரசங்கியார், சமையற்காரர் ஆகிய அத்தனை பேருக்கும் பதில் சொல்ல ஒருவர் வேண்டும். எல்லாம் முடிந்தபின் கோயில் திண்ணையில் ஊரார் முன்னிலையில் வரவையும் செலவையும் வாசித்து, எழும் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையோடு விடையளிக்கவும் ஒருவர் வேண்டும். லாப நோக்கமின்றிக் கலையைப் பரிபாலிக்கும் ஸ்தாபனம் என்று இக்காலத்துச் சட்டம் எதைக் குறிக்கிறதோ, அதன் மூத்த வடிவம் இந்த ஊர்க்கமிட்டி என்றே நான் கருதுகிறேன். சங்கப் பதிவும் முத்திரையும் இல்லாதபோதும், நம்பிக்கைக்குரிய கணக்கு அதனிடம் இருந்தது.

ஆயினும் அந்தக் கமிட்டிக்கு ஒரு காரியம் மட்டும் பொறுப்பாக இருந்ததில்லை. அது கூத்தை அழைத்து வந்ததேயன்றிக் கற்பித்ததில்லை. கற்பித்தல் குழுவின் பாடாகவே இருந்தது. பத்து வயதுப் பையன் தகப்பனோடோ மாமனோடோ குழுவில் சேர்ந்து, முதலில் பின்பாட்டுக்காரரோடு உட்கார்ந்து, பிறகு சில்லறை வேடம் கட்டி, அடவையும் விருத்தத்தையும் கேட்டும் கண்டும் மனத்தில் ஏற்றி, இருபது வயதில் கர்ணனாகவோ துச்சாதனனாகவோ களரியில் நிற்பான். குடும்பமே பள்ளியாக இருந்தவரை இந்த முறைக்கு நிர்வாகி என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை. பகலில் அரசுப் பள்ளி கட்டாயமான பிறகு, இரவெல்லாம் கண்விழித்த பையன் காலையில் வகுப்பில் உறங்கினான். அல்லது வகுப்பை விட்டான். கூத்தாடி என்ற சொல் வசவாக வழங்கிய சமூகத்தில், படிப்பையும் இழந்தவனுக்கு மிஞ்சியது ஏளனமே. ஆகவே கூத்தைப் பயிற்றுவிப்பதற்கு ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கலைஞர்களுக்குள்ளிருந்தே எழுந்தது.

அந்த நிர்ப்பந்தத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த மிகச் சிறந்த விடை காஞ்சிபுரம் பகுதியில் உருவாயிற்று. பெருங்கட்டூர் பொ. ராஜகோபால், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பத்து வயதில் வேடம் கட்டத் தொடங்கியவர். தகப்பனார் வழியில் கூத்தைக் கற்று, நடிகராகவும் ஆசிரியராகவும் நாடகம் இயற்றுபவராகவும் வளர்ந்தவர். நெதர்லாந்து நாட்டிலிருந்து இக்கலையை ஆராய வந்த ஹன்னே டி ப்ரூயின் அம்மையார் அவருடைய வாழ்க்கைத் துணைவியானார். கட்டைக்கூத்தின் நெகிழ்ந்து கொடுக்கும் இயல்பைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1999-இல் வெளிவந்தது. 1990-இல் கூத்துக் கலைஞர்கள் பலரோடு சேர்ந்து அவர்கள் நிறுவியதுதான் கட்டைக்கூத்துச் சங்கம். கலைஞர்களே உறுப்பினராக இருந்து, தங்கள் தொழிலின் கௌரவத்தையும் நலனையும் தாங்களே பேணிக்கொள்ளும் அமைப்பு அது.

பெயரைப் பற்றி இங்கே சற்று நின்று பேசவேண்டும். ஒரு ஸ்தாபனத்தை நடத்துவோரின் மனப்பாங்கு அது தனக்கு இட்டுக்கொண்ட பெயரிலேயே வெளிப்படுகிறது. நகரத்துக் கற்றோர் இக்கலையைத் தெருக்கூத்து என்றே அழைத்து வந்தனர். அரசு ஆவணங்களிலும் பாடநூல்களிலும் அதுவே நிலைத்தது. தெருவில் ஆடுவது என்ற அர்த்தத்தில் ஓர் இழிவு ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தொழில்முறைக் கலைஞர்களுள் பலர் உணர்ந்தனர். அவர்களுடைய வழக்கில் தெருக்கூத்து என்பது ஊர்வலத்தோடு நகர்ந்து செல்லும் ஆட்டத்தைக் குறிப்பது. இரவு முழுவதும் ஓரிடத்தில் களரி அமைத்து ஆடும் நாடகம் அதனின் வேறானது. மரத்தால் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணமும் பதித்து, முடியிலும் தோளிலும் மார்பிலும் அணியும் கனத்த ஆபரணங்களாகிய கட்டைகளை முன்னிட்டு, கட்டைக்கூத்து என்ற பெயரை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். இப்பெயரை ஏற்காத அறிஞர்களும் கலைஞர்களும் இன்றும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. இருப்பினும், தன் தொழிலுக்குத் தானே பெயரிடும் உரிமையைக் கலைஞன் முதன்முதலாகக் கோரியது ஒரு சங்கத்தின் வாயிலாகத்தான் என்பதை நாம் கவனிக்கவேண்டும். தனி ஆளாய் நின்று அவன் கேட்டிருந்தால் எந்த அலுவலகமும் செவிசாய்த்திராது.

2002-இல் இச்சங்கம் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கியது. கூத்தும் பள்ளிக்கல்வியும் ஒரே வளாகத்தில், தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற பேதமின்றிக் கற்பிக்கப்பட்டன. கடைசியாகச் சொன்ன அம்சத்தின் கனத்தைக் கூத்தை அறிந்தவர்களே முற்றும் உணர்வர். திரௌபதியும் பொன்னுருவியும் சுபத்திரையும் நிறைந்த இக்கலையில், அவ்வேடங்களையெல்லாம் ஆண்களே கட்டி வந்தனர். இரவுப் பயணமும் விடியும்வரை ஆட்டமும் பெண்ணுக்கு ஆகாது என்பது வழக்கம். ஒரு பெண்பிள்ளையைக் கூத்துப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அவளுடைய தாய் தந்தையரிடம் பேசுவதற்கு எத்தனை முறை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காரவேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். கல்யாணம் ஆகுமா, ஊர் என்ன பேசும், இரவில் யார் துணை, வயதுக்கு வந்தபின் தொடர்வதா என்ற ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்னவர்கள், ஆட்டம் நடந்த இரவில் கைதட்டலின் பங்கைப் பெறவில்லை. பிற்காலத்தில் அந்தக் குருகுலத்தில் பயின்ற பெண்கள் தாங்களே குழு அமைத்து ஆடத் தொடங்கினார்கள் என்றால், அதன் வித்து அந்தத் திண்ணைப் பேச்சுகளில் விழுந்தது.

இத்தகைய பள்ளியை நடத்துவோரின் அன்றாடத்தை விவரிக்காமல் அவர்களைப் பாராட்டுவதில் பயனில்லை. ஐம்பது பிள்ளைகள் தங்கும் விடுதி என்று வைத்துக்கொண்டால், மூன்று வேளைச் சோறு, அரிசி, பருப்பு, விறகு அல்லது எரிவாயு, குடிநீர், காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் ஆள், பெண்பிள்ளைகளுக்குக் காவலாகத் தங்கும் அம்மாள் ஆகிய இவற்றிலிருந்து நாள் தொடங்குகிறது. அதற்குமேல் கல்வித்துறையின் அனுமதி. தீயணைப்பு, சுகாதாரத் துறைகளின் சான்றுகள். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பதிவு. கூத்துப் பள்ளிக்கென்றே விசேஷமான ஒரு சங்கடமும் உண்டு. பாரதக் காலம் மாசி பங்குனியில் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் பங்குனி மாதத்தை ஒட்டியே வருகிறது. களரியில் நின்றால்தான் கூத்து வரும். மேசையில் அமர்ந்தால்தான் தேர்வு வரும். இந்த இரண்டையும் ஒரே பிள்ளையின் ஒரே மாதத்துக்குள் பங்கிட்டுக் கொடுக்கும் கால அட்டவணையை எழுதுகிறவர், நாடகத்தை இயற்றுகிறவருக்கு இணையான சிரத்தையோடு எழுதியாகவேண்டும்.

பதினெட்டு ஆண்டுகள் நடந்தபின், 2020-இல் அக்குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு நாள் யுத்தத்தைப் பாடும் கலைக்குப் பதினெட்டு ஆண்டு வாய்த்த பள்ளி என்று நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. சங்கம் நின்றுவிடவில்லை, பயின்றவர்களும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாடகர்களான டி.எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் இக்கலைஞர்களோடு ஒரே மேடையில் கர்நாடக இசையையும் கூத்தையும் இணைத்து நிகழ்த்தியது, இக்கலை சபா மேடையில் யாருக்கும் தாழ்ந்து நிற்கத் தேவையில்லை என்பதைக் காட்டிற்று. எனினும் ஒரு மேடை நிகழ்ச்சி ஒரு விடுதியின் இடத்தை நிரப்பாது.

நிர்வாகம் என்ற வித்தையை நம் நாட்டின் பெரிய கலைக்கல்வி ஸ்தாபனங்கள் எவ்வாறு கண்டன என்பதையும் சிறிது பார்ப்போம். 1930-இல் கேரள கலாமண்டலத்தை நிறுவுவதற்கு மகாகவி வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்தராஜாவும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் சேர்த்தார்கள். ஒரு மொழியின் தலைசிறந்த கவி, கதகளியைக் காப்பதற்காகச் சீட்டு விற்க முனைந்ததில் இழிவு ஏதும் இல்லை. அவருடைய காவியங்களோடு சேர்த்து எண்ணத்தக்க கைங்கரியம் அது.

1936-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியபோது, அவருடைய ஆளுமையும் அழகுணர்ச்சியும் உலகறிந்தவையாயின. டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சாரியார் போன்ற மகாவித்வான்கள் அங்கு வந்து கற்பித்ததும் பிரசித்தம். ஆனால் பெசன்ட் பள்ளியில் ஆசிரியப் பணி ஆற்றிக்கொண்டே, பிறகு கலாக்ஷேத்திராவின் நிர்வாகச் சுமையைத் தோளில் ஏற்றுப் பல பத்தாண்டுகள் நின்ற கே. சங்கர மேனனை எத்தனை பேர் நினைவுகூர்கிறார்கள்? நிலம், சம்பளம், மானியம், கடிதப் போக்குவரத்து, மாணவர் ஒழுங்கு ஆகிய இவையனைத்தையும் ஒருவர் தாங்கியதால்தான் மற்றொருவரால் ராமாயண நாட்டிய நாடகங்களை வரிசையாகப் படைக்க முடிந்தது. 1962-இல் திருவான்மியூர் மணற்பரப்பில் வளாகம் அமைந்து, மரங்கள் வளர்ந்து, பின்னர் 1986-இல் ருக்மிணி தேவி மறைந்தபோது, ஸ்தாபகரின் ஆளுமைக்குப் பிறகு ஸ்தாபனம் எவ்வாறு நிற்பது என்ற கேள்வி எழுந்தது. 1993-ஆம் ஆண்டின் கலாக்ஷேத்திரா அறக்கட்டளைச் சட்டத்தின் வாயிலாக மத்திய அரசு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாக ஏற்றது. அத்தகைய நல்வாய்ப்பு எல்லா ஸ்தாபனத்துக்கும் கிட்டுவதன்று. கிட்டினும் அரசின் கை எல்லாச் சிக்கலையும் தீர்ப்பதில்லை.

சாமல்பட்டிக்காரருக்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புவது எல்லைக்கு அப்பாலுள்ள ஹெக்கோடு. சிவமொக்கா மாவட்டத்துச் சாகர வட்டத்தில், பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். அங்கே 1949-இல் பாக்கு விவசாயிகள் சேர்ந்து ஒரு நாடகச் சங்கம் வைத்தார்கள். அவர்களுள் ஒருவரான கே.வி. சுப்பண்ணா அதை நீநாசம் என்ற பெயரில் கன்னட நாடு முழுவதும் அறிந்த பள்ளியாக ஆக்கினார். 1980-இல் நாடகப் பயிற்சிக்கூடம். 1985-இல் ஊர் ஊராகச் செல்லும் திருகாட்டக் குழு. இவற்றோடு திரைப்படச் சங்கம், புத்தக வெளியீடு. 1991-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோதும் அவர் தம் கிராமத்தை விட்டு நகரவில்லை. சுப்பண்ணா பாக்கு வியாபாரத்தின் கணக்கறிந்தவர், ஷேக்ஸ்பியரையும் அறிந்தவர். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததே நீநாசத்தின் பலம் என்பது என் துணிபு. 2005-இல் அவர் மறைந்த பின்னரும் மகன் அக்ஷராவும் சகாக்களும் அதை நடத்திவருவது, அங்கே அடுத்த தலைமுறை நிர்வாகத்தைக் கற்றிருந்தது என்பதற்குச் சாட்சி.

இனிப் பணத்துக்கும் சட்டத்துக்கும் வருவோம். தமிழ்நாட்டில் ஒரு கலைக்கல்விச் சங்கத்தை அமைக்க, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் போதும். அதன்பின்பே பிரயாசை ஆரம்பமாகிறது. ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, பதிவாளருக்கு அறிக்கை. வருமானவரிச் சட்டத்தின் கீழ் வேண்டிய பதிவுகளும் அவற்றைக் காலந்தோறும் புதுப்பித்தலும். வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய் பெறுவதானாலும் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி. 2020-இல் இச்சட்டம் திருத்தப்பட்டபோது, அத்தகைய நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு அனுமதித்த பங்கு நூற்றுக்கு ஐம்பதிலிருந்து இருபதாகக் குறைக்கப்பட்டது. ஒரு பெரிய ஸ்தாபனம் தான் பெற்றதைச் சிறிய கிராமத்து ஸ்தாபனத்துக்கு மாற்றிக் கொடுப்பதும் தடுக்கப்பட்டது. முறைகேட்டைத் தடுப்பது அரசின் கடமை. அதை மறுப்பார் இல்லை. ஆனால் நிர்வாகச் செலவு என்ற சொல்லையே ஏதோ விரயத்தின் பெயர்போலக் கருதும் எண்ணம் நன்கொடையாளர் மனத்திலும் சட்டத்தின் நடையிலும் ஊறிவிட்டது. இது பெரும் பிழை. கணக்கு எழுதுகிறவரின் சம்பளம் விரயமானால், அந்தக் கணக்கைக் கேட்பது யாரை நோக்கி?

ஆடை வாங்க, ஆபரணம் செய்ய, விழா நடத்தப் பணம் தரப் பலர் முன்வருகிறார்கள். மாதந்தோறும் ஒரு மேலாளருக்கும் ஒரு கணக்கருக்கும் விடுதி அம்மாளுக்கும் ஊதியம் தர, அதுவும் ஐந்தாண்டு தொடர்ந்து தர, முன்வருவோர் அரியர். அதனால் கூத்து வாத்தியாரே கணக்கராகவும், கணக்கரே சமையற்பொருள் வாங்குபவராகவும், அவருடைய மனைவி சம்பளமின்றி விடுதிக் காவலராகவும் ஆகிறார்கள். பத்தாண்டில் அவர்கள் களைத்துப் போகிறார்கள். கலையில் தோற்காத ஸ்தாபனங்கள் களைப்பில் தோற்கின்றன.

சாமல்பட்டி அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து பிறந்தது. அதன் வடமேற்கு முனையில், 1970-களில் சிப்காட் வந்ததிலிருந்து, ஓசூர் ஆலைகளின் நகரமாயிற்று. லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் அங்கே உருவாகி நாடெங்கும் செல்கின்றன. 2019-இல் அது மாநகராட்சியும் ஆயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் ஊர் அது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, ஐந்நூறு கோடி நிகர மதிப்போ, ஆயிரம் கோடி விற்றுமுதலோ, ஐந்து கோடி நிகர லாபமோ உள்ள ஒவ்வொரு கம்பெனியும், முந்தைய மூன்றாண்டு நிகர லாபச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதிக்கிறது. அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணை, பண்பாட்டு மரபையும் பாரம்பரியக் கலைகளையும் பேணுவதைத் தகுதியான பணியாக ஏற்றிருக்கிறது. ஆலை அமைந்த வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே ஓசூரின் ஆலைக்கும் ஊத்தங்கரையின் களரிக்கும் இடையே சட்டம் ஏற்கனவே பாதை போட்டுவைத்திருக்கிறது. அந்தப் பாதையில் நடந்து வந்து கதவைத் தட்டத் தெரிந்தவர், திட்டம் எழுதத் தெரிந்தவர், செலவான பணத்துக்கு ரசீது காட்டத் தெரிந்தவர் கூத்துக் குழுக்களின் பக்கத்தில் இல்லாமையே குறை.

கிருஷ்ணகிரியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரமும் தவிலும் குரலிசையும் பரதமும் அங்கே மூன்றாண்டுக் கல்வியாகக் கற்பிக்கப்படுகின்றன. அந்த ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் உண்டு. மாணவருக்குச் சான்றிதழ் உண்டு. கூத்துக்கு அதே அளவு கௌரவமான கல்விக்கூடம் இம்மாவட்டத்தில் அமைய வேண்டும். இவ்வட்டாரத்து இளைஞன் ஒருவனுக்கு ஆலையில் மாதச் சம்பளமும் கூத்தில் பருவ வரும்படியும் எதிரெதிரே நிற்கின்றன. ஆலைக்குப் போகிறவனைக் குறை கூற எனக்கு மனம் இல்லை. ஆனால் ஆலைக்குப் போகும் அதே வட்டாரத்துப் பட்டதாரிகளில், வணிகவியல் படித்தவர்கள், கணினியில் கணக்கு வைக்கத் தெரிந்தவர்கள், தம் ஊர்ப் பாரதத்தில் சிறு வயதில் விடியும்வரை விழித்திருந்தவர்கள் ஏராளம். அவர்களுள் சிலர் கூத்துப் பள்ளியின் நிர்வாகிகளாக வரலாம். கூத்துக்கு முகவீணை ஊதத் தெரியாதவரும் இக்கலைக்குத் தொண்டு செய்ய வழி அது ஒன்றே.

ஓசூர்ப் பகுதியில் ஆலை நடத்தும் பெருமக்களையும், ஊத்தங்கரை வட்டாரத்துப் பாரதக் கமிட்டிப் பெரியவர்களையும் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வட்டாரத்தில் ஒரு கூத்துப் பள்ளி தொடங்க எண்ணம் கொண்டால், கட்டிடத்தின் வரைபடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நன்கொடைப் பத்திரத்தின் முதல் வரியில், ஒரு நிர்வாகிக்கும் ஒரு கணக்கருக்கும் விடுதியைக் காக்கும் ஓர் அம்மாளுக்கும் ஐந்தாண்டுக்கான சம்பளத்தை எழுதுங்கள்.